கம்பெனிப் பணம் வரட்டும், கூத்து உங்களிடமே இருக்கட்டும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக: செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார். அப்பா கூத்து வாத்தியார், 68 வயது. சொந்தமாக ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, வைத்திருக்கிறார். பல ஆண்டுகளாகச் சனி, ஞாயிறுகளில் வீட்டு வாசலிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கு அடவும் பாட்டும் சொல்லித் தருகிறார். 20 மாதங்களுக்கு முன் குடும்பத்தினர் நால்வர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிந்திருக்கிறார்கள். இப்போது அருகிலுள்ள தொழிற்பேட்டையின் நிறுவனம் ஒன்று, ஆண்டுக்கு 12 லட்சம் வீதம் 3 ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொல்லி ஒப்பந்த வரைவு அனுப்பியிருக்கிறது. முதல் ஆண்டுப் பணத்தில் அப்பாவின் நிலத்தில் பயிற்சிக் கொட்டகை கட்ட வேண்டுமாம். பேச்சை முடித்துவைத்த ‘ஆலோசகர்’ 15 சதவீதம் கேட்கிறார். அப்பாவோ, “சாமி முன்னாடி ஆடுறத கம்பெனிக்கு எழுதிக் குடுக்காதம்மா” என்கிறார். கம்பெனிப் பணம் வாங்கினால் அரசு உதவி எதுவும் கிடைக்காது, அப்பாவின் 3,000 ரூபாய் உதவித்தொகையும் நின்றுவிடும் என்பது தம்பியின் பயம். சிங்கப்பூரில் இருக்கும் மாமா 3 லட்சம் அனுப்பத் தயாராக இருக்கிறார். “கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய வரைவை இரண்டு முறை படித்தேன். இப்போது இருக்கிற வடிவில் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் நிறுவனத்தின் கதவைச் சாத்தவும் வேண்டாம். மரபுக் கலைப் பயிற்சிக்கு, அதுவும் ஒரு கிராமத்துக்கு, 3 ஆண்டுப் பணம் தேடி வருவது அரிது. வரைவில் நான்கைந்து இடங்களை மாற்றினால், உங்களுக்கும் அவர்களுக்கும் நல்ல ஏற்பாடாக இது அமையும்.

முதலில் அப்பா சொன்னதைப் பற்றி. அதைப் பழைய காலத்துப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாரதக் கூத்து எந்தக் காலத்திலும் காசில்லாமல் நடந்ததில்லை. ஊர் கூடி வரி போடுகிறது, ஒருவர் ஒருநாள் உபயம் ஏற்கிறார், விடியும்வரை ஆட்டத்தின் நடுவே அன்பளிப்பு கொடுத்தவர் பெயரைக் களரியிலேயே சொல்லி வாழ்த்துகிறார்கள். கொடுத்தவர் பெயரைச் சொல்வதில் அப்பாவுக்கு ஒரு மனத்தடையும் இருக்காது. அவருடைய மறுப்பு ‘எழுதிக் கொடுப்பது’ பற்றியது. பதினெட்டாம் போருக்கு உபயம் கொடுத்தவர், துரியோதனன் படுகளத்தை மாற்றச் சொல்லும் உரிமையை வாங்கிவிடவில்லை. சட்டத்தின் மொழியில் நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய இதுதான். கொடுப்பவருக்கு நன்றியும் கணக்கும் உண்டு, உடைமை கிடையாது.

‘2 சதவீதம் நம் உரிமைதானே?’

“சட்டப்படி அவர்கள் கொடுத்தே ஆகவேண்டும், அப்புறம் நாம் ஏன் தழைந்து போகவேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் பாதிதான் சரி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (ஆங்கிலச் சுருக்கத்தில் ‘சிஎஸ்ஆர்’) செலவிடவேண்டும் என்கிறது. எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியல் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. கலை, பண்பாடு, மரபுக் கலைகளின் வளர்ச்சி எல்லாம் அதில் உண்டு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், விளையாட்டும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இயக்குநர் குழுவின் முடிவு. பணத்தின் பெரும்பகுதி கல்விக்கும் சுகாதாரத்துக்கும்தான் போகிறது. கூத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்தை அந்த அளவுக்கு மதிக்கலாம். உரிமை என்று சண்டை போடும் இடம் இதுவல்ல.

ஆனால் நிறுவனத்தையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர லாபம் தேடி ஸ்பான்சர் செய்வது சிஎஸ்ஆர் கணக்கில் வராது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. உங்கள் வரைவின் ஆறாவது பத்தி, ஆண்டுக்கு இரண்டு முறை கம்பெனி குடும்ப விழாவில் ஆடவேண்டும், பக்கத்தில் பொருள் விற்பனைக் கடைகள் இருக்கும் என்கிறது. எட்டாவது பத்தியில் ஜமாவின் பெயருக்கு முன்னால் கம்பெனிப் பெயர் வரவேண்டும் என்று இருக்கிறது. இவை அவர்களுக்கே ஆபத்தான பத்திகள். இதை நீங்கள் எடுத்துச் சொன்னால் அவர்களுடைய கம்பெனி செக்ரட்டரி உங்களுக்கு நன்றி சொல்வார். குடும்ப விழாவுக்குக் கூத்து வேண்டுமென்றால், வழக்கமான முறையில் ஜமாவுக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து, விளம்பர பட்ஜெட்டிலிருந்து தனியாக ஒப்பந்தம் செய்யட்டும். கொட்டகைச் சுவரில் ‘இந்த நிறுவனத்தின் உதவியுடன்’ என்று ஒரு பலகை வைப்பது போதுமான நன்றி.

அறக்கட்டளையின் வயது

நீங்கள் கவனிக்காமல் விட்ட பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிறுவனம் வெளி அமைப்பு மூலமாகச் செலவிட வேண்டுமானால், அது பதிவு பெற்ற பொது அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கமில்லாத ‘எட்டாவது பிரிவு’ நிறுவனமாகவோ இருக்கவேண்டும். வருமான வரித் துறையில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதிவுகளும் வேண்டும். (புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்பாதீர்கள்.) நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கியிருக்கவேண்டும். இத்தனைக்கும் மேலாக, அதுபோன்ற பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் வேண்டும்.

அப்பா பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தது உண்மை. ஆனால் அறக்கட்டளையின் வயது 20 மாதம். அப்பாவின் அனுபவத்தை அறக்கட்டளையின் அனுபவமாகக் காட்டிவிடலாம் என்று ஆலோசகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பின்னாளில் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல நீங்கள்தான் நிற்பீர்கள், அவர் இருக்கமாட்டார். நேரான வழிகள் இரண்டு இருக்கின்றன. விதிப்படி நிறுவனம் தானே நேரடியாகவும் திட்டத்தை நடத்தலாம். வாத்தியார், முகவீணைக்காரர், மத்தளக்காரர் மதிப்பூதியம், பிள்ளைகளின் பேருந்துச் செலவு, புஜக்கட்டை, கிரீடம், சலங்கைக்கான செலவு என்று அவர்களே வங்கி வழியாகக் கொடுக்கலாம். அல்லது, 3 ஆண்டு கடந்த, எல்லாப் பதிவும் உள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து முதல் கட்டத்தை நடத்திவிட்டு, உங்கள் அறக்கட்டளைக்குத் தகுதி வந்தபின் நேரடியாக வாங்கலாம். முதல் வழியே எனக்குப் பிடித்திருக்கிறது. கணக்கு எழுதும் சுமை முதல் ஆண்டில் உங்கள் தலையில் விழாது.

அறக்கட்டளைப் பத்திரத்தையும் திருத்தியாகவேண்டும். ‘எங்கள் குடும்பத்தின் கூத்துப் பரம்பரையைப் போற்றவும் வாரிசுகளுக்குக் கற்பிக்கவும்’ என்று நோக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசோடு எழுதிய வரிதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இது குடும்பத்துக்கான தனியார் அறக்கட்டளை போலத் தெரியும். பொது அறக்கட்டளைக்கு உரிய பதிவுகள் எதுவும் இதற்குக் கிடைப்பது கடினம். நோக்கம் பொதுமக்களுக்குரியதாக இருக்கவேண்டும். அறங்காவலர்களில் குடும்பத்துக்கு வெளியே இருவராவது வரட்டும். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், வேறு ஜமாவின் மூத்த கலைஞர் ஒருவர் என்றால் ஊரின் நம்பிக்கையும் கூடவே வரும். பத்திரத்தில் திருத்தும் அதிகாரம் எழுதப்படவில்லை என்றால் புதிதாக ஒன்று பதிவது சுலபம். அந்தப் பக்கத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கொட்டகை யாருடையது?

அப்பாவின் பெயரில் இருக்கும் நிலத்தில் கொட்டகை எழும்பினால், அதை அறக்கட்டளைச் சொத்து என்று சொல்ல முடியாது. இது இரண்டு இடத்தில் இடிக்கும். சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்து, தகுதியுள்ள அறக்கட்டளை அல்லது சங்கம், பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் கையில்தான் இருக்கவேண்டும் என்பது விதி. தனிமனிதர் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு பக்கம், அறக்கட்டளையின் பணம் அறங்காவலருக்கோ உறவினருக்கோ சொந்த லாபமாகப் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து.

தானமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஆலோசகர் சொன்னது எளிய வழிதான், ஆனால் திரும்ப வராத வழி. நான் நீண்டகாலக் குத்தகையைச் சொல்வேன். அப்பா அந்த மனையை மட்டும் 30 ஆண்டுக்குப் பெயரளவு வாடகையில் அறக்கட்டளைக்குக் குத்தகை எழுதி, பத்திரப் பதிவு செய்யட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். அதற்குமுன் அது பூர்வீகச் சொத்தா, அத்தைகளுக்கோ உங்களுக்கோ பங்கு உண்டா என்று வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் பார்த்துவிடுங்கள். கொட்டகை கட்டியபிறகு பங்காளிச் சண்டை வந்தால் பிள்ளைகள்தான் தெருவில் நிற்பார்கள்.

உண்மையில் முதல் ஆண்டே கொட்டகை வேண்டுமா என்றுகூட யோசியுங்கள். கட்டடத்தில் பலகை வைத்துப் படம் எடுக்கலாம் என்பதால் நிதி கொடுப்பவர்களுக்குக் கட்டடம் பிடிக்கும். வாத்தியாருக்கு மாதாமாதம் கொடுக்கும் ஊதியத்தைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் கூத்து நிற்பது அந்த ஊதியத்தில்தான். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு சேர்த்துக் கூத்தும் கற்றார்கள். அங்கே பயின்றவர்களை உங்கள் பக்கத்திலேயே நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். ஒரு பயிற்சிக்கூடத்தை நடத்த ஆண்டுதோறும் எதற்கெல்லாம் பணம் தேவைப்படும் என்று அவர்களைப்போல் யாரும் சொல்ல முடியாது.

பாட்டும் பதிவும்

வரைவிலேயே என்னை மிகவும் உறுத்தியது பதினொன்றாவது பத்தி. எல்லா ஒலி, ஒளிப்பதிவுகளும் கூத்துப் பிரதிகளும் ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும், முழு உரிமையோடு’ நிறுவனத்துக்குச் சேரும் என்கிறது. மகாபாரதக் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அப்பா நோட்டில் எழுதி வைத்திருக்கும் விருத்தங்களும் தருக்களுமான கூத்துப் பாட்டுகள் அவர் படைப்பு. பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டும் அந்த உரிமை உண்டு. ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று 50 ஆண்டுக்கு உண்டு. ஆனால் ஒளிப்பதிவுக்கு எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். காலம் குறிப்பிடாமல் உரிமை மாற்றிக் கொடுத்தால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் ஒரு காப்பு வைத்திருக்கிறது. ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று எழுதுவதே அந்தக் காப்பைக் கழற்றத்தான்.

இதற்குப் பதிலாக ஒரு பத்தி எழுதிக் கேளுங்கள்: பிரதி, பதிவு எல்லாவற்றின் உரிமையும் கலைஞர்களிடமும் அறக்கட்டளையிடமும் இருக்கும்; நிறுவனம் தன் ஆண்டறிக்கையிலும் இணையதளத்திலும் 3 நிமிடத்துக்கு மேற்படாத காட்சிகளைக் கலைஞர் பெயரோடு காட்டலாம்; பொருள் விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது. பிள்ளைகள் முகம் தெரியும் எதற்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசும் தனியாரும் சேர்ந்தால்

தம்பியின் பயத்துக்கு வருகிறேன். தனியார் பணம் வாங்கினால் அரசு மானியம் கிடைக்காது என்று பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரே செலவை இரண்டு கணக்கிலும் காட்டுவதுதான் குற்றம். மத்திய கலாசார அமைச்சகத்தின் குரு-சிஷ்யப் பரம்பரை மானியத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும், சீடர்களுக்கு வயதுக்கேற்ற உதவித்தொகையும் உண்டு. அது கிடைத்தால் வாத்தியார் ஊதியத்தை அதிலும், உடை, கருவி, பயணச் செலவை நிறுவனப் பணத்திலும் எழுதுங்கள். தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனிப் பேரேடு, ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ். மாநிலத்தின் கலை பண்பாட்டுத் துறைக்கும் இயல் இசை நாடக மன்றத்துக்கும் இப்போதே கடிதம் மூலம் தெரியப்படுத்தி வையுங்கள். வரைவின் ஒன்பதாவது பத்தி, நிறுவன அனுமதியில்லாமல் வேறு யாரிடமும் உதவி பெறக்கூடாது என்கிறது. அதை முழுதாக நீக்கச் சொல்லுங்கள். ஒரே கையை நம்பி இருக்கும் கலை, அந்தக் கை மடங்கும் நாளில் விழுந்துவிடும்.

அப்பாவின் உதவித்தொகை தனிமனிதர் என்ற முறையில் அவருக்கு வருவது. அறக்கட்டளையின் வரவு அவர் வருமானம் ஆகாது. ஆனால் அறக்கட்டளையோ நிறுவனமோ அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் அது அவர் வருமானம்தான். வருமான வரம்பைத் தாண்டுகிறதா என்று கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், மறைக்காதீர்கள். 15,000 வருமானால் 3,000 போவதில் நஷ்டமில்லை என்று தோன்றும். 15,000 மூன்றாண்டில் நிற்கலாம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அரசு, தனியார் கூட்டு என்றாலே மோசம் என்றோ, அதுவே விடிவு என்றோ நான் நினைக்கவில்லை. 1996இல் மத்திய அரசு அமைத்த தேசியப் பண்பாட்டு நிதியத்தின் வழியாக, தில்லி ஹுமாயூன் கல்லறையின் தோட்டங்களை ஆகா கான் அறக்கட்டளை 2003இல் மீட்டெடுத்தது. பிறகு டாடா அறக்கட்டளை ஒன்றின் உதவியும் சேர, கல்லறைக் கட்டடத்தின் புதுப்பிப்பு 2013இல் முடிந்தது. நினைவுச்சின்னம் தொல்லியல் துறையிடமே இருந்தது. கல்தச்சர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வேலையும் கிடைத்தது. 2018இல் செங்கோட்டையைப் பராமரிக்க 5 ஆண்டுக்கு 25 கோடி என்று ஒரு சிமென்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனபோது, கோட்டையையே கொடுத்துவிட்டார்களா என்று நாடே கேட்டது. பார்வையாளர் வசதிகள் மட்டும்தான் என்று அரசு விளக்க வேண்டியதாயிற்று. எது கைமாறுகிறது, எது மாறவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வது அதனால்தான்.

நான்காவது ஆண்டு

வரைவில் 15 நாள் நோட்டீசில் நிறுவனம் விலகலாம் என்று இருக்கிறது. விலகும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும், ஆனால் 6 மாத அவகாசத்தோடு. அதுவரை ஒத்துக்கொண்ட ஊதியமும் வரவேண்டும். தொடக்கத்திலேயே இயக்குநர் குழு இதைத் ‘தொடர் திட்டம்’ என்று தீர்மானித்தால், அந்த ஆண்டு செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த 3 நிதியாண்டுகளுக்குள் செலவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படித் தீர்மானம் போட்டார்களா என்று கேளுங்கள். மார்ச் மாதம் வந்ததும் அவசரமாக மைக்செட் வாங்கி பில் கொடுங்கள் என்ற நெருக்கடி அப்போது வராது. மூன்றாம் ஆண்டு இறுதியில் நிறுவனம் போனபின் ஜமாவின் கோயில் வருமானம், மானியம், ஊர் நன்கொடை மூன்றையும் வைத்து எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும் என்று இப்போதே ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் பயிற்சியை ஊதிப் பெருக்காதீர்கள். இன்னொன்று: ஜமா ஊர் ஊராக ஆடிச் சம்பாதிக்கும் பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் கலக்கவே கூடாது. அது கலைஞர்களின் கூலி, அப்படியே பங்கு பிரியட்டும்.

ஆலோசகர் கேட்கும் 15 சதவீதத்துக்கு எந்த விதியிலும் இடமில்லை. 5 சதவீத நிர்வாகச் செலவு என்று விதியில் இருப்பது நிறுவனத்தின் சொந்தச் செலவுக்கான வரம்பு, இடைத்தரகுக்கானது அல்ல. பணம் உரிய வேலைக்குத்தான் செலவானது என்று நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்றளிக்கவேண்டும். 12 லட்சத்தில் 1,80,000 ரொக்கமாகப் போனால் அந்தக் குழியைப் போலி ரசீதுகளால்தான் மூட முடியும், அதில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். அவருடனான பேச்சை நிறுத்திக்கொண்டு, நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் கேட்ட தொகையை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள்.

சிங்கப்பூர் மாமாவின் 3 லட்சம்: அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அறக்கட்டளைக்குத் தரலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அறக்கட்டளை ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை அவரிடம் இருந்தாலும் அப்படித்தான். உறவினர் என்ற முறையில் அம்மாவுக்கு அனுப்பி, அம்மா அறக்கட்டளைக்குக் கொடுப்பது என்று யாராவது குறுக்குவழி சொன்னால் கேட்காதீர்கள். முதலில் மாமாவிடம் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் தெரியும்வரை பணம் அனுப்பவேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.